சாகக் கிடக்கும் கைதிக்கு ராணி மன்னிப்பு: கேள்வி பதில்

விக்டோரியா ராணி கால இங்கிலாந்துச் சிறைகளில் நோயாளிகளுக்குக் கிடைத்த விடுதலை பற்றிய கேள்விகளும் என் பதில்களும்.

செல்வி: விடுதலை செய்தது ராணியேவா?

பெயருக்குத்தான் ராணி. முடிவெடுத்தவர் உள்துறை அமைச்சர். "இங்கேயே வைத்திருந்தால் பிழைக்க மாட்டான்" என்று சிறை டாக்டர் எழுதினால் கோப்பு நகரும். நீண்ட தண்டனைக்காரர்களைப் பெரும்பாலும் நிபந்தனைச் சீட்டு கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே.

முத்துக்குமார்: தீராத நோயாளிகள் எல்லாரும் வெளியே வந்தார்களா?

இல்லை. அவர்களுக்கென்றே வோக்கிங்கில் தனிச் சிறை கட்டினார்கள். அதற்கு முன், ஊல்விச்சில் நின்ற பழைய கப்பல் ஒன்றில் அடைத்திருந்தார்கள். 1857இல் அது தீப்பிடித்து அழிந்தது.

ரஹீம்: சார், செல்வாக்கு இருந்தால் சீக்கிரம் கிடைக்குமோ?

1896ஐ மட்டும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த டிரான்ஸ்வால் நாட்டுக்குள் ஆயுதப் படையோடு புகுந்த பிரிட்டிஷ் காலனி நிர்வாகி டாக்டர் ஜேம்சனுக்கு அந்த ஜூலையில் 15 மாதத் தண்டனை. அதுவும் சொந்த உடை, சொந்தச் சாப்பாடு அனுமதிக்கும் முதல் வகுப்பு. உடல்நிலை மோசம் என்று டிசம்பரிலேயே விட்டுவிட்டார்கள். 1904இல் கேப் காலனியின் பிரதமரானார். 1917 வரை வாழ்ந்தார்!

அதே ஜூலையில், 2ஆம் தேதி, ரெடிங் சிறையிலிருந்து எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் விடுதலை கேட்டு மனு எழுதினார். காதில் சீழ், கேட்கும் திறன் போகிறது, பார்வை மங்குகிறது, புத்தி பேதலித்துவிடுமோ என்ற பயம். இருவர் விஷயத்திலும் உள்துறை அமைச்சர் ஒரே ஆள்தான்: மேத்யூ ஒயிட் ரிட்லி. கிடைத்தது என்ன? கூடுதல் புத்தகங்கள், எழுதக் காகிதம். இரண்டு வருடத் தண்டனையையும் முழுசாகக் கழித்துவிட்டு 1897 மே மாதம்தான் வெளியே வந்தார். 1900இல் மூளை உறை அழற்சியில் இறந்தார். அந்தக் காதுதான் காரணம் என்று நினைக்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. ஜேம்சனுக்கு நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் நோயாளி என்பதும் கணக்கில் வந்தது.

கலா: நடித்து ஏமாற்றியவர்கள் இருந்திருப்பார்களே?

நிறையப் பேர். பக்கவாதம் என்றவர்கள் மேல் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்த சிறை டாக்டர்கள் உண்டு. இந்தச் சந்தேகத்தில் மாட்டிக்கொண்டவர்தான் டாக்டர் தாமஸ் கல்லகர். வெடிகுண்டுச் சதிக்காக 1883இல் ஆயுள் தண்டனை பெற்ற ஐரிஷ் விடுதலைப் போராளி. அவர் மனம் சிதைந்ததைச் சிறை டாக்டர்கள் நடிப்பென்றே நினைத்தார்கள். அவரையும் 1896இல்தான் விட்டார்கள். மிச்ச வாழ்நாளை நியூயார்க்கில் மனநோய்க் காப்பகத்தில் கழித்து, 1925இல் இறந்தார்.