புல்லட்டுக்குள் புல்லட்: உள்தள்ளல் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

சேலத்தில் அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். புல்லட் (வரிக்கு முன்னால் வரும் புள்ளிக் குறி) பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் வந்தால் ஓரம் கலைந்துபோகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, ஏற்காடு வருகிறவர்களுக்கு இன்டிசைனில் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) ஒரு கையேடு செய்கிறேன். 'பார்க்க வேண்டியவை' என்று ஒரு புல்லட், அதற்குள் ஏரி, பகோடா பாயின்ட், கிள்ளியூர் அருவி. உள் புல்லட்டில் வரி நீண்டால் இரண்டாம் வரி புல்லட்டுக்கு நேர் கீழே போய் நிற்கிறது. ஸ்பேஸ் தட்டிச் சரிசெய்தாலும் திருத்தம் போடும்போது மறுபடி கலைகிறது.

ஸ்பேஸ் தட்டுவதை முதலில் விட்டுவிடுங்க தம்பி, அதுதான் கலைவதற்குக் காரணமே. உங்களுக்கு வேண்டியது இரண்டே எண்கள். எழுத்து எங்கே தொடங்க வேண்டும் என்பது லெஃப்ட் இன்டென்ட்; அங்கிருந்து புல்லட் எவ்வளவு பின்னால் நிற்க வேண்டும் என்பது ஃபர்ஸ்ட் லைன் இன்டென்ட், இது மைனஸில் இருக்கும். முதல் அடுக்குக்கு 5 மி.மீ., மைனஸ் 5 மி.மீ. என்று வையுங்கள். இரண்டாம் அடுக்குக்கு 10, ஆனால் மைனஸ் 5 மட்டும். இங்கே மைனஸ் 10 போட்டுவிட்டு உள் புல்லட்டும் ஓரத்துக்கே ஓடிவிட்டது என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்டிசைன் இந்த அளவுகளை ஃபிரேமின், அதாவது எழுத்து நிற்கும் பெட்டியின் ஓரத்திலிருந்துதான் எடுக்கும், வெளிப் பட்டியலிலிருந்து இல்லை. இரண்டு அடுக்குக்கும் தனித்தனி பாரா ஸ்டைல் (பத்தியின் அமைப்பைப் பெயர் வைத்துச் சேமிப்பது) செய்துவிட்டால், கையேடு முழுக்க ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

சார், ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஆய்வேட்டை லேடெக்ஸில் (கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) செய்கிறேன். நாலாவது அடுக்கு பக்கத்தின் நடுவுக்கே போய்விடுகிறதே?

லேடெக்ஸ் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு அடுக்கும் தனக்கு வெளியே இருக்கும் அடுக்கிலிருந்து அளக்கும், அதனால் எல்லாம் கூடிக்கொண்டே போகும். ஆர்ட்டிகிள் என்ற ஆவண வகையில் முதல் அடுக்கு 2.5 எம் (எம் என்பது ஏறக்குறைய எழுத்தின் அளவுக்குச் சமமான அகலம்), அடுத்தது 2.2, அப்புறம் 1.87, நாலாவது 1.7. கூட்டினால் 8.27 எம். 12 பாயின்ட் எழுத்தில் ஏறக்குறைய 35 மி.மீ. உள்ளே போய்விடுகிறது! பட்டியல்களுக்கான எனும்ஐட்டம் (enumitem) என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்து, இடது ஓர அளவான லெஃப்ட்மார்ஜினுக்கு (leftmargin) எதிரே எண் எழுதாமல் நட்சத்திரக் குறி போடுங்கள். புல்லட்டின் அகலத்தைப் பார்த்து அதுவே ஓரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதன் செட்லிஸ்ட் (setlist) கட்டளையில் அடுக்கு எண்ணையும் கொடுத்தால் அந்த அடுக்கு மட்டும் மாறும். லேடெக்ஸின் ஸ்லைடு வகையான பீமரில் ஸ்லைடு செய்யும்போது மட்டும் எனும்ஐட்டத்தைச் சேர்க்காதீர்கள், அது பீமரின் பட்டியலோடு மோதும்.

இன்னொன்று, இது தமிழுக்கே உரிய சிக்கல். நம் சொற்கள் நீளம். 'சேர்வராயன்மலைத்தொடரில்' மாதிரி ஒன்று ஒடுங்கிய வரியில் வந்தால், இரண்டு ஓரமும் நேராக்கும்போது மற்ற சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். மூன்றாம் அடுக்குக்குக் கீழே இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள், கண்ணுக்கு எவ்வளவோ நன்றாக இருக்கும்.

பழைய பாமினி எழுத்துருவில் ஜவ்வரிசி ஆலைக்கு விலைப்பட்டியல் போடுகிறேன். புல்லட் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தமிழ் எழுத்து நிற்கிறது.

அந்தக் காலத்து எழுத்துருக்களில் குறியீடுகளுக்கான இடங்களையும் தமிழ் எழுத்துகளுக்கே எடுத்துக்கொண்டிருப்பார்கள். புல்லட்டுக்கு மட்டும் வேறு எழுத்துருவில் ஒரு கேரக்டர் ஸ்டைல் (எழுத்துக்கு மட்டுமான ஸ்டைல்) செய்து, இன்டிசைனின் புல்லட் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். வேறு எழுத்துரு என்றால் குறியின் அகலமும் மாறும், அதனால் தொங்கல் அளவை, அதாவது அந்த மைனஸ் எண்ணை, ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓமலூரில் ஆசிரியையாக இருக்கிறேன். வேர்டில் உள் அடுக்குக்கு எப்படிப் போவது?

வரியின் தொடக்கத்தில் நின்று டேப் தட்டுங்க டீச்சர், ஒரு அடுக்கு உள்ளே போகும். ஷிஃப்ட்டோடு டேப் தட்டினால் வெளியே வரும். இடைவெளியை மாற்ற ரூலரை இழுக்க வேண்டாம், அந்தப் பத்தி மட்டும்தான் மாறும். புல்லட் மேல் ரைட் கிளிக் செய்து, பட்டியலின் இன்டென்ட்டைச் சரிசெய்யும் வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த அடுக்கு மொத்தமும் மாறும்.

எத்தனை அடுக்கு வரை போகலாம்?

லேடெக்ஸ் புல்லட்டில் நாலு வரை விடும், ஐந்தாவது போட்டால் பிழை காட்டி நின்றுவிடும். நான் இரண்டோடு நிறுத்துவேன். மூன்றாவது தேவைப்பட்டால் வெளி புல்லட்டைத் துணைத்தலைப்பாக மாற்றிவிடுவேன்.