மூன்று மாத அட்வான்ஸ் கேட்கும் ஏஜென்சி: அம்மாவுக்கு நர்ஸ்தான் வேண்டுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பார்த்து, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறார், பேட் கட்டுகிறோம். துணைக்கு 82 வயது அப்பா மட்டும்தான். நான் பெங்களூரில் இருக்கிறேன். ஒரு ஏஜென்சியில் வீட்டோடு தங்கும் நர்ஸ் அனுப்புகிறோம், மாதம் 24,000 ரூபாய், மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டுங்கள் என்கிறார்கள். 5,000 ரூபாய் கூகுள் பேயில் அனுப்பிவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மூன்று மாதம் இருக்கட்டும், ஒரு மாதம்கூட முன்பணம் வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அம்மாவுக்கு ஊசி இல்லை, டிரிப்ஸ் இல்லை, டியூப் இல்லை. ஊட்டிவிட, பேட் மாற்ற, துடைத்துவிட, புரட்டிப் படுக்கவைக்க, மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க ஆள் வேண்டும். இதற்கு நர்ஸ் தேவையில்லை. பொறுமையும் உடம்பில் தெம்பும் உள்ள ஒரு பெண் போதும்.

சரி, அவர்கள் அனுப்பப்போவதாவது நர்ஸா? டிப்ளமோ நர்சிங் மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்சி. நான்கு வருடம். முடித்தவர் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார், அதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். “அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு மேடம்” என்று பதில் வந்தால் விஷயம் அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு யாரையோ அனுப்புவார்கள். வருகிற பெண்ணை நான் குறை சொல்லவில்லை, பலர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் நீங்கள் கொடுக்கும் 24,000 ரூபாயில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், வயிறு எரியும்.

அட்வான்ஸ் எதற்கு என்றால், உங்களை நகரவிடாமல் கட்டிப்போடத்தான். முதலில் நல்ல ஆளாக வருவார். அம்மா அவரிடம் பழகி முடிப்பதற்குள் “அவங்க வீட்ல ஒரு விசேஷம்” என்று சொல்லி, கூடுதலாகக் கொடுக்கும் இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அடுத்து வருபவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். பணம் அங்கே மாட்டியிருப்பதால் உங்களால் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

உள்ளூரில் ஆள் தேடுங்கள். அம்பை, கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களில் மாமியாரையோ பெற்ற தாயையோ படுக்கையில் வைத்துப் பார்த்த பெண்கள் இருப்பார்கள். சான்றிதழைவிட அந்த அனுபவம் பெரியது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே ஆள் என்றால் இரவில் அவர் தூங்கத்தான் செய்வார். மாதக் கடைசியில் சம்பளத்தை நேராக அவர் கையில் கொடுங்கள், ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

“சும்மா இருக்கிற நேரத்துல சுத்திக்கிடுதேன்” என்று பீடித்தட்டோடு வருவார்கள். வீட்டு முன்பக்கத் தார்சாவில் உட்கார்ந்துதான் என்றாலும் வேண்டாம். புகையிலைத் தூள் படிந்த அதே கையால் அம்மாவுக்கு ஊட்டுவார். அந்த வருமானத்தையும் கணக்கில் சேர்த்துச் சம்பளம் பேசிவிடுங்கள். அப்புறம், பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கும் ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் லீவு கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நாட்களில் யார் வருவார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஆள் கிடைத்ததும் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவரை ஓரிரு தடவை வரவழைத்து, அப்பாவும் அந்தப் பெண்ணும் இருக்கும்போது சொல்லித்தரச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. அரசு ஆஸ்பத்திரி என்றால் கூட்டத்தைக் காட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் வாங்கும் தனியாரும் இங்கிலீஷில் ஒரு தாளைக் கையில் கொடுத்து “பிசியோ பண்ணுங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பத்து நிமிடம் நின்று செய்துகாட்ட யாருக்கும் நேரமில்லை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது இடது கை. எழுப்பி உட்காரவைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோளைத் தாங்கும் தசை செத்துக் கிடப்பதால் மூட்டு இறங்கிவிடும், பிறகு அந்த வலியாலேயே பிசியோவுக்கு ஒத்துழைக்கமாட்டார். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். துடைக்கும்போது அடிமுதுகு எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். அங்கே சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். கயிற்றுக் கட்டில் வேண்டாம்.

2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கே வரும். தேடி வருவார்கள் என்று காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். இந்த ஆள் சம்பளம் இன்சூரன்சில் கிடைக்குமா என்றால், பொதுவாகக் கிடைக்காது.

நர்ஸ் வேண்டாம் என்றேன். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால் மட்டும் பதில் மாறும், அதுவும் பாதிதான். டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். தலைமாட்டை நன்றாக உயர்த்திக் கொடுத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். டியூபை மாற்றுவதும் திரும்பப் போடுவதும்தான் நர்ஸ் வேலை. இரவில் தெரியாமல் உருவிவிட்டால், பதறிப்போய் வீட்டிலேயே உள்ளே தள்ளுவார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால், ஊற்றும் கஞ்சி நேராக நுரையீரலுக்குப் போகும். உருவியது உருவியபடி இருக்கட்டும், வாய் வழியாகவும் எதுவும் கொடுக்காமல் விடிந்ததும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது, சுகர் இறங்கிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் அம்மாவுக்கு டியூப் இல்லை, அதனால் இப்போதைக்கு இந்தக் கவலை வேண்டாம். ஆனால் சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினாலோ குரல் கரகரத்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

போன 5,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், போனில் பேச வேண்டாம். மழுப்பினால் 1915 நுகர்வோர் எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதுவரை அந்தக் கூகுள் பே ரசீதை அழித்துவிடாதீர்கள்.