எக்சைமர் லேசர் என்றால் என்ன? கண்ணில் பட்டால் சுடாதா?

காரைக்குடிப் பக்கம் கண்ணாடியைக் கழற்ற லேசிக் என்ற லேசர் கண் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறவர்களின் முதல் பயமே இதுதான்.

எக்சைமர் லேசர் என்பது புற ஊதாக் கதிரை விட்டுவிட்டுப் பாய்ச்சும் ஒரு வாயு லேசர். கண் சிகிச்சைக்கான வகையில் உள்ள ஆர்கான் வாயு சாதாரணமாக எதோடும் ஒட்டாது. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஃபுளூரினோடு கண நேரம் சேரும், உடனே பிரிந்துவிடும். அப்போது வருவதுதான் 193 நானோமீட்டர் கதிர்.

இது சூடேற்றி எரிப்பதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கிறது. செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தேக்கில் துளை போட்டால் ஓரமெல்லாம் கருகும். ஆசாரி உளியால் சீவினால் சீவல் மட்டும் உதிரும், பக்கத்து மரம் அப்படியே இருக்கும். லேசர் செய்வதும் உளி வேலைதான். ஒரு துடிப்புக்குக் கருவிழியில் (கண்ணின் முன்பக்க ஒளிபுகு படலம், கார்னியா) சுமார் கால் மைக்ரான்தான் சீவப்படும்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த லேசர் உயிர்த்திசுவை இப்படிச் சுடாமல் சீவும் என்பதை 1981-ல் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் கண்டுபிடித்த மூவரில் இந்தியாவில் பிறந்த ரங்கசாமி சீனிவாசனும் ஒருவர். சோதித்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்!

எக்சைமர் லேசரிலேயே 308 நானோமீட்டர் கதிர் தரும் வேறொரு வகை சொரியாசிஸ், வெண்புள்ளி போன்ற தோல் நோய்களின் சிகிச்சைக்கு. தொழிற்சாலைகளில் கணினிச் சிப்பில் நுண்கோடுகள் பதிக்க எக்சைமர் லேசர்தான் பெரிய துணை.

அப்புறம், கண்புரை இதில் போகாது: அது உள்ளே லென்ஸில் இருப்பது, இந்தக் கதிர் கருவிழியைத் தாண்டாது.