1.6 மியாட்டாவுக்கு 1.8 டிஃபரென்ஷியல்: வீட்டு கராஜில் மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1991 மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் கார் இருக்கிறது. பின் டிஃபரென்ஷியலை (எஞ்சின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) வலுவானதாக வீட்டிலேயே மாற்ற முடியுமா? அடுத்து டர்போ போடும் எண்ணமும் உண்டு.

தாராளமாக முடியும். ஆனால் முழு டிஃபரென்ஷியலை அப்படியே கழற்றி, வேறொரு முழு டிஃபரென்ஷியலை ஏற்றுவதாக இருந்தால் மட்டும். டிஃபரென்ஷியலின் கூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) ஆகியவற்றில் கை வைக்கிற வேலையை வீட்டில் செய்யாதீர்கள். பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும், இரண்டு பற்களுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. அதற்கான அளவுகோலும் ஷிம்களும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) பழகிய கையும் வேண்டும். கொஞ்சம் தவறினாலும் ஊளைச் சத்தம், அப்புறம் பல் தேய்மானம். கழற்றி மாட்டுவது வேறு. அதற்குப் பொறுமையும் நல்ல ஜாக் ஸ்டாண்டுகளும் இருந்தால் போதும். நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன், என் 1.6 காருக்கு என் கராஜிலேயே செய்தேன்.

ஏன் மாற்ற வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1990 முதல் 1993 மாடல் வரை வந்த 1.6 கார்களில் கிரவுன் வீலின் விட்டம் ஏறக்குறைய 6 அங்குலம். 1994-இல் 1.8 எஞ்சின் வந்தபோது மாஸ்டா அதை 7 அங்குலமாகப் பெரிதாக்கியது. கம்பெனி கொடுத்த குதிரைசக்தியோடு ஓட்டினால் சின்னது நன்றாகவே தாங்கும். டர்போ போட்டு, நல்ல டயரும் போட்டு, கிளட்சைப் படக்கென்று விட்டால் முதலில் உடையக்கூடியது அதுதான். அதனால் டர்போவுக்கு முன்னாலேயே இதை மாற்ற நினைப்பது சரியான வரிசை.

வலு ஒரு பக்கம் என்றால் பிடிமானம் இன்னொரு பக்கம். சாதாரண ஓப்பன் டிஃபரென்ஷியலில், வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகி வழுக்க ஆரம்பித்ததும் சக்தி முழுக்க அங்கேயே வீணாகிவிடும். 1.6-இல் சில கார்களுக்கு விஸ்கஸ் வகை லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) வந்தது. அதன் உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவத்தின் வேலை வருடங்கள் ஆக ஆகக் குறைந்துவிடும். முப்பது வயதான விஸ்கஸ் யூனிட்டை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். 1.8 கார்களில் விருப்பத் தேர்வாக வந்த, கியர் வகை லிமிடெட் ஸ்லிப்பான டார்சனைத் தேடுங்கள். அதில் தேய்கிற கிளட்ச் தட்டுகள் இல்லை. கியர்களே ஒன்றையொன்று அழுத்தி, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு அதிக விசையைத் தள்ளும். ஒரு குறை உண்டு: ஒரு சக்கரம் முழுதாகக் காற்றில் தூக்கிவிட்டால் டார்சனும் ஓப்பன் போலத்தான் நடந்துகொள்ளும். சாலைக்கும் ஆட்டோகிராஸுக்கும் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) அது ஒரு பொருட்டே இல்லை.

வாங்கும்போது மூன்றையும் ஒரே 1.8 காரிலிருந்து வாங்குங்கள்: டிஃபரென்ஷியல், இரண்டு பின் ஆக்சில்கள், நடு டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்கு வரும் தண்டு). உங்கள் 1.6-இன் ஆக்சில் 7 அங்குல யூனிட்டில் பொருந்தாது; டிரைவ் ஷாஃப்ட்டின் பின் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) வேறு. டிஃபரென்ஷியல் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, மற்றவற்றைத் தனித்தனியாகத் தேடி அலைபவர்கள் நிறைய. சக்கரம் மாட்டும் ஹப் உங்களுடையதே போதும்.

விற்பவர் டார்சன் என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக்சில் நுழையும் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குறுக்காக ஒரு பின் தெரிந்தால் அது ஓப்பன். கியர் விகிதத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். இரண்டு பக்க அவுட்புட்டையும் சேர்த்துப் பத்துச் சுற்று சுற்றினால் பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 41 வந்தால் 4.1, 43 வந்தால் 4.3. உங்கள் காரில் இருப்பது 4.3, 1994 முதல் 1997 வரையிலான 1.8 கார்களில் 4.1. இதனால் ஹைவேயில் எஞ்சின் கொஞ்சம் அமைதியாகும், எடுப்பு ஒரு துளி குறையும். ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் மீட்டர் ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்துக் காட்டும். கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்பீடோ கியரை மாற்றினால் அது சரியாகும். 4.3-ஐ விட மனமில்லை என்றால் 1999 முதல் 2005 வரையிலான ஐந்து கியர் கார்களின் 7 அங்குல யூனிட்டைப் பாருங்கள்.

வேலைக்கு வருவோம். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அதனால் போல்ட் எல்லாம் துருவோடு ஒட்டிப்போய்விடும். இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். ஆக்சில் நட்டை, கார் தரையில் நிற்கும்போதே, ஹேண்ட் பிரேக் இழுத்து நீளமான பிரேக்கர் பாரால் தளர்த்திவிடுங்கள். நட்டின் விளிம்பு ஆக்சில் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அதை முதலில் உளியால் நிமிர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது அதற்கு 216 முதல் 294 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு வேண்டும், பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

இந்தக் காரில் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டியது பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீளமான அலுமினியச் சட்டம். கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரென்ஷியலின் மூக்கையும் இணைப்பது அதுதான். கியர்பாக்ஸுக்கு அடியில் வேறு குறுக்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆகவே இதைக் கழற்றுவதற்கு முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வால் தொங்கி, முன்னால் எஞ்சின் சாய்ந்து ஹோஸ்களை இழுக்கும். டிஃபரென்ஷியல் பக்கத்து போல்ட்டோடு சேர்ந்து ஒரு ஸ்லீவ் இருக்கிறது. போல்ட் சுலபமாக வந்துவிடும், ஸ்லீவ் வராது. நான் அதற்குச் சரியான மரையுள்ள ஒரு போல்ட்டை ஸ்லீவுக்குள் முறுக்கி, இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இழுத்தேன். வெள்ளைப் பொடியாக அரித்த அலுமினியம் கொட்டக் கொட்ட, மயிரிழை மயிரிழையாக வெளியே வந்தது. மொத்த வேலையில் அதிக நேரம் தின்றது இதுதான். கோபத்தில் சம்மட்டி எடுக்காதீர்கள். அடி விழுவது அலுமினியத்தின் மேல்.

ஆக்சிலை வெளியே எடுக்க, ஹப்பைத் தாங்கும் அப்ரைட்டின் மேல் போல்ட்டை மட்டும் கழற்றி வெளிப்பக்கம் சாய்த்தால் போதும். கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகளைத் தொட வேண்டாம். அவற்றில்தான் வீல் அலைன்மென்ட் இருக்கிறது. பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் பாரம் விழக் கூடாது. எக்ஸாஸ்ட்டின் பின்பகுதியும் இறங்க வேண்டும். டிஃபரென்ஷியலை இறக்கும்போது கட்டாயம் டிரான்ஸ்மிஷன் ஜாக்கோ இன்னொரு ஆளோ வேண்டும். படுத்துக்கொண்டு நெஞ்சில் வாங்குகிற கனம் இல்லை அது. ஜாக் ஸ்டாண்டை எவ்வளவு நம்பினாலும், கழற்றிய சக்கரங்களைக் கார் உடலுக்குக் கீழே படுக்கப் போட்டு வையுங்கள்.

புது யூனிட்டை மேலே ஏற்றும் முன், அது வெளியே இருக்கும்போதே, இரண்டு பக்க ஆயில் சீலையும் பினியன் சீலையும் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம். பின்னால் ஒழுகினால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும். ஆக்சிலைச் செருகும்போது அதன் பற்கள் சீலின் உதட்டைக் கீறாமல் நேராக விடுங்கள். பழைய எண்ணெயை வடிக்கும் முன் மேலே உள்ள ஃபில் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள், அது அசையாவிட்டால் புது எண்ணெய் ஊற்ற வழியே இருக்காது. ஜி.எல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 எண்ணெய், ஏறக்குறைய 1 லிட்டர். கார் மட்டமாக நிற்கும்போது துளை விளிம்பில் வழியும் வரை ஊற்றுங்கள். டார்சனுக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (எண்ணெயில் கலக்கும் சேர்க்கை) தேவையில்லை. அது கிளட்ச் தட்டு வகைக்குத்தான்.

முதல் ஓட்டத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு, வேகத்தை ஏற்றி இறக்கிச் சத்தத்தைக் கேளுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை, விட்டால் மறைகிறது என்றால் கிரவுன் பினியன் தேய்ந்த யூனிட் கிடைத்திருக்கிறது என்று பொருள். கிளப்பும்போது ஒரு தட்டல் கேட்டால் பவர் பிளான்ட் ஃபிரேம் போல்ட்டுகளை மறுபடி பாருங்கள், அவற்றுக்கு 104 முதல் 123 நியூட்டன் மீட்டர். சத்தம் ஒன்றுமில்லையா, ஆளில்லாத பார்க்கிங் மைதானத்தில் இரண்டாவது கியரில் சின்ன வட்டம் அடித்துப் பாதியில் மிதித்துப் பாருங்கள். முன்பு உள்சக்கரம் சும்மா கத்திக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கார் பின்னாலிருந்து உங்களைத் தள்ளும். டர்போவுக்குச் சேர்த்த காசில் முதல் பங்கை இதற்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.