நாளுக்கு மூன்று அதிகாரம் என்கிற கணக்கை விடுங்கள்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்திலிருந்து வேத வாசிப்பைத் தொடங்குகிறேன். அட்டவணைப்படி நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம். லேவியராகமம் வரும்போது நின்றுவிடுகிறது. ஒழுங்காகப் படித்த நாட்களில்கூட, அரைமணி நேரம் கழித்து என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. வேலைக்குப் போகும் வழியில் ஆடியோ வேதாகமம் கேட்கிறேன். அது வாசிப்பில் சேருமா? தினமும் போனில் வரும் வாக்குத்தத்த வசனம் மட்டும் போதுமா? ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்டவணையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு ஏறக்குறைய மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. அப்படியானால் ஜனவரி நான்காவது வாரத்தில் யாத்திராகமம் 25-க்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, பாதம், கொக்கி, தாழ்ப்பாள் என்று அளவுகளாக வரும். நடுவில் பொன் கன்றுக்குட்டிச் சம்பவம் கொஞ்சம் மூச்சு விட வைக்கும். மறுபடி 35 முதல் 40 வரை அதே கூடாரத்தைச் செய்து முடித்த விவரம். அது முடிந்த கையோடு லேவியராகமம், பலிகளின் சட்டங்கள். பழக்கம் இன்னும் வேர் பிடிக்காத முதல் மாதத்தின் முடிவிலேயே இவ்வளவு கடினமான பகுதி வந்து நின்றால் யாருக்கும் தடுமாற்றம்தான். உங்களுக்குப் பக்தி குறைவு என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பிரச்சினை பாக்கி. காய்ச்சல், பயணம், வீட்டில் ஒரு விசேஷம் என்று பத்து நாள் விட்டுப்போனால் அட்டவணையில் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் கடனாக நிற்கும். அதைப் பார்த்ததும் வேதாகமத்தைத் திறக்கவே மனம் வராது. திறந்தாலும் கடனை அடைக்கிற வேகத்தில்தான் கண் ஓடும். அந்த வேகத்தில் படித்தது அரைமணி நேரத்தில் மறந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

வருட அட்டவணைகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றைத் தயாரித்தவர் ராபர்ட் மர்ரே மெக்ஷேன். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் போதகர். 1842-ல் தன் சபையாருக்காக அதை எழுதினார். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. இன்றும் உலகமெங்கும் அதைப் பின்பற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் அவரே அதன் முன்னுரையில் அதனால் வரக்கூடிய ஆபத்துகளையும் எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், படித்து முடித்ததில் சுயநீதி வரலாம், கவனமின்றிப் படிக்கலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம். அட்டவணையைக் கொடுத்தவர்களில் பலர் அந்த முன்னுரையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சரி, என்ன செய்யலாம்? தேதியை வைத்துப் படிக்காமல் புத்தகத்தை வைத்துப் படியுங்கள். ஒரு புத்தகத்தை எடுத்தால் அது முடியும்வரை அதிலேயே இருங்கள். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; பாக்கி என்ற பேச்சே எழாது.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தகம் மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சிறியது. ஒரு விடுமுறை நாளில் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். சத்தமாகப் படித்தாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். இதில் எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம், கதையின் ஓட்டம் பிடிபட்டால் போதும். அப்புறம் மறுநாளிலிருந்து முதல் அதிகாரத்துக்குத் திரும்பி, நாளுக்கு பத்துப் பதினைந்து வசனம். வசன எண்ணைப் பார்த்து வெட்டாமல் ஒரு சம்பவம் அல்லது ஒரு உரையாடல் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கிற வசன எண்களை 1551-ல்தான் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டார். மாற்கு எழுதும்போது அவை இல்லை. ஆகவே அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

மெதுவாகப் படிப்பது என்றால் என்ன என்பதைச் சொன்னால் மட்டும் புரியாது, ஒரு பகுதியைப் பார்த்துவிடுவோம். மாற்கு 4:35 முதல் 41 வரை, ஏழே வசனம். ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரிந்த கதை: புயல் வந்தது, இயேசு அதட்டினார், அமைதலாயிற்று. அட்டவணை வேகத்தில் இது ஒரு நிமிடம். நிறுத்திப் படித்தால் முதல் வசனத்திலேயே ஒன்று தட்டுப்படும். அக்கரைக்குப் போவோம் என்று சொன்னவர் இயேசு. அவர் சொன்னபடி படகு ஏறினவர்கள்தான் புயலில் சிக்கினார்கள். யோனாவும் புயலில் படகின் அடித்தட்டில் தூங்கினான், ஆனால் அந்தப் புயல் அவன் கீழ்ப்படியாமல் ஓடியதால் வந்தது. இங்கே கீழ்ப்படிந்தவர்களுக்கும் வருகிறது. கஷ்டம் வந்தாலே எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைக்கிற நமக்கு இந்த ஒரு வசனத்திலேயே அன்றைக்கு வேண்டியது இருக்கிறது.

அடுத்து, சீஷர்கள் அவரை எழுப்பிய விதம். மத்தேயுவில் எங்களை இரட்சியும் என்று கேட்கிறார்கள். மாற்கில் அந்த வேண்டுதல் இல்லை. "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். ஜெபம் என்பதைவிடக் குற்றச்சாட்டு என்றே சொல்லலாம். அப்படியிருந்தும் அவர் எழுந்திருக்கிறார். முதலில் காற்றை அதட்டுகிறார். "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்" என்று அவர்களைக் கேட்டது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைக் கவனியுங்கள். கடைசியாக ஒரு விநோதம்: புயல் நின்றபிறகுதான் அவர்கள் மிகவும் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. "இவர் யாரோ" என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். மாற்கு அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்லாமல் அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறார். நீங்களும் அவசரப்பட்டுப் பதில் எழுத வேண்டாம். அந்தக் கேள்வியோடு வேலைக்குப் போங்கள்.

மறதிக்கும் இதில் மருந்து இருக்கிறது. படித்து முடித்ததும் வேதாகமத்தை மூடிவிட்டு, அந்தப் பகுதியை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள். அதன் பிறகு ஒரு நோட்டில் ஒரு வரி: இன்று கண்ணில் பட்டது என்ன. பெரிய ஆவிக்குரிய வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. "காற்றை அதட்டிவிட்டுத்தான் சீஷர்களைக் கேட்டார்" என்பதே போதும். அதையே ஜெபமாக மாற்றி இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு தேவசமுகத்தில் அமைதியாக இருப்பது என்று இதை நான்கு படிகளாக 12-ம் நூற்றாண்டிலேயே இரண்டாம் கீகோ என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே டிக் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

வாக்குத்தத்த வசனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினமும் ஒரு வசனம் வருவதில் தவறில்லை. அது மட்டுமே வாசிப்பாகிவிட்டால்தான் சிக்கல். அடிக்கடி அனுப்பப்படுகிற எரேமியா 29:11-ஐப் பாருங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பவே போவதில்லை. 28-ம் அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான். அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை. எரேமியாவோ அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதினார். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த வசனம் சிறுத்துப்போவதில்லை, இன்னும் கனமாகிறது. இந்த மாதமே வேலை கிடைக்கும் என்ற உறுதிமொழியாக அதை எடுத்துக்கொண்டு ஏமாந்தவருக்கும், காத்திருப்பு நீளும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு அதிகாரத்தை முழுவதும் படித்ததில் இருக்கிறது. ஆகவே வசனம் வந்தால் அது எந்த அதிகாரம் என்று பார்த்து அந்த அதிகாரத்தைத் திறந்துவிடுங்கள்.

ஆடியோ கேட்பது தாராளமாகச் சேரும். ஆதித் திருச்சபையில் பெரும்பாலானவர்கள் வேதத்தைக் காதால்தான் பெற்றார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 1:3-ல் வாசிக்கிறவன் என்று ஒருமையிலும் கேட்கிறவர்கள் என்று பன்மையிலும் வருவது அதனால்தான்: ஒருவர் வாசிக்க, சபை கேட்டது. ஆனால் ஆடியோ நிற்காமல் ஓடும், நீங்கள் நிறுத்தி யோசிக்க முடியாது. அதனால் பயணத்தில் நீளமான கதைப் பகுதிகளைக் கேளுங்கள்: ஆதியாகமம், சாமுவேல், ராஜாக்கள், அப்போஸ்தலர் நடபடிகள். மாற்கைக் கையில் வைத்துப் படியுங்கள். போனில்தான் படிப்பீர்கள் என்றால் அந்தப் பதினைந்து நிமிடம் இணையத்தை அணைத்துவிடுங்கள். ஒரு வாட்ஸப் செய்தி எட்டிப் பார்த்தால் அன்றைய வாசிப்பு முடிந்தது.

நேரம்? அதிகாலைதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார், உண்மை. சங்கீதம் 63-ல் தாவீது படுக்கையின்மேல், இராச்சாமங்களில் தியானிக்கிறான். சங்கீதம் 1 இரவும் பகலும் என்கிறது. தினமும் தவறாமல் செய்கிற ஏதோ ஒரு காரியத்தோடு ஒட்டி வையுங்கள், அது போதும். தூக்கம் வந்தால் சத்தமாகப் படியுங்கள்.

வளர்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை புத்தகம் முடித்தோம் என்பதை வைத்து அது தெரியாது. மாற்கு 11:25-க்கு வரும்போது, நின்று ஜெபம்பண்ணும்போது யார்பேரிலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்று படிப்பீர்கள். அந்த நேரத்தில் ஒரு முகம் நினைவுக்கு வரும். அதைத் தள்ளிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போகாமல், அன்றைக்கு அங்கேயே நில்லுங்கள். அடுத்த நாளும் அதே வசனம் என்றால் அதே வசனம். திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று யாக்கோபு எழுதியது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான். ஒரு வாரம் ஒரே வசனத்தில் சிக்கிக்கொண்டால் வாசிப்பு நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம், அதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது.

வறட்சியான நாட்களும் வரும். மனம் எதிலும் ஒட்டாது. அப்போது சங்கீதத்துக்குப் போய், 13 அல்லது 88-ஐ உங்கள் ஜெபமாகவே வாசித்துவிடுங்கள். 88 ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது; அதுவும் வேதத்தில் இருக்கிறது.

மாற்கு முடிந்தபின் பிலிப்பியர், ஆதியாகமம், பிறகு லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்த்து. அவை இரண்டையும் ஒரே ஆசிரியர் தெயோப்பிலு என்பவருக்கு எழுதியிருக்கிறார். லேவியராகமத்தை நேராக ஆரம்பத்திலிருந்து பிடிக்க வேண்டாம். முதலில் 19-ம் அதிகாரம். உன்மேல் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்று மாற்கு 12-ல் இயேசு எடுத்துச் சொன்னது அங்கேயிருந்துதான். அடுத்து 16-ம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாளையும், எபிரெயர் 9, 10-ம் அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரத்தம், திரை, பிரதான ஆசாரியன் எல்லாம் எதற்கென்று தெரிந்தபிறகு மற்ற அதிகாரங்கள் முன்புபோலப் பாரமாக இருக்காது.

விளக்கவுரைகளை எடுப்பதற்கு முன் நீங்களாக இரண்டு முறையாவது படித்திருங்கள். இல்லையென்றால் அடுத்தவர் கண்டதை மட்டுமே காண்பீர்கள். ஆனால் கடைசிவரை தனியாகவும் படிக்காதீர்கள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா என்று பிலிப்பு கேட்டான். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அந்த மந்திரி கூச்சப்படாமல் சொன்னார். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புரியாதவற்றை எழுதிச் சேர்த்து வையுங்கள். வாரம் ஒரு முறை சபையில் ஒருவரோடு உட்கார்ந்து அவற்றைப் பேசுங்கள். போதகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதே மாற்கைப் படித்துக்கொண்டிருக்கிற ஒரு தோழியாகவும் இருக்கலாம். எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருக்கிறவரைவிட, எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லத் தயங்காதவரைத் தேர்ந்தெடுங்கள்.