பழைய கேம் கன்சோல்கள் மட்டும் ஏன் இத்தனை வருஷம் உழைக்கின்றன?

கன்சோல் என்பது டிவியில் மாட்டி விளையாடுவதற்கென்றே செய்த கணினி. முப்பது வருஷப் பழசு இன்னும் ஓட, புதுசு சீக்கிரம் மக்கர் செய்வதற்கு முதல் காரணம் சூடு.

1990-இல் ஜப்பானில் வந்த சூப்பர் ஃபாமிகாம் கன்சோலில் மின்விசிறியே கிடையாது, தேவைப்படவில்லை. கேம் பதிந்திருந்த, கன்சோலில் செருகும் சின்னப் பெட்டியான கேட்ரிட்ஜிலும் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. இன்றைய பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கிறது. அது அத்தனையும் சூடாகத்தான் வெளியே போயாக வேண்டும்.

உலோகம் சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடியும். சிப்பைப் பிடித்திருக்கும் கடுகளவு சால்டர் (உருக்கி ஒட்டிய உலோகம்) புள்ளிகளுக்கும் இதே கதிதான். 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இப்படித்தான் மூன்று சிவப்பு விளக்கு காட்டிப் படுத்தது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு உத்தரவாதத்தை 3 ஆண்டாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது.

அதனால் காற்றுத்துளையில் தூசி அடையவிடாதீர்கள். கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொன்று: பழைய கேட்ரிட்ஜை வாயால் ஊதினால் சரியாகிவிடும் என்பது தவறு, கழற்றித் திரும்பச் செருகியதால்தான் அது வேலை செய்தது, ஊதும் மூச்சின் ஈரமோ அதன் உலோக முனைகளை மெல்ல அரிக்கும்.