சாமக்கொடை நேரத்தில் நேரலை நின்று நின்று ஓடினால்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் அம்மன் கோயில் கொடை விழாவை லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற நேரலை சாஃப்ட்வேர் போட்டு யூடியூபில் நேரலை விடுகிறோம். நெட்டுக்கு என் போன் ஹாட்ஸ்பாட்தான். ஸ்பீடு டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. சாயங்காலம் நன்றாக ஓடும் வீடியோ, நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை நேரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மும்பையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் ஏச்சு வாங்கி முடியவில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: அந்த 40 டவுன்லோடு கணக்கு. உங்களுக்கு வேண்டியது அப்லோடு. அதையும் ஆளில்லாத மத்தியானத்தில் பார்த்துப் பயனில்லை. வில்லுப்பாட்டு ஆரம்பித்து ஊரே பந்தலில் கூடியபின், ஆளாளுக்குப் போனில் வீடியோ அனுப்புவார்கள். அத்தனை பேருக்கும் டவர் ஒன்றுதான். கொடையின் முதல் நாள் ராத்திரி, கூட்டத்துக்கு நடுவில் நின்று நாலைந்து தடவை அளந்து பாருங்கள். வந்ததிலேயே குறைந்த எண்ணில் பாதிதான் உங்கள் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவு. 5 எம்பிபிஎஸ் வந்தால் 2500 கேபிபிஎஸ்.

ஓபிஎஸ்ஸில் அவுட்புட் பகுதிக்குப் போய் ரேட் கண்ட்ரோலை சிபிஆர் (ஒரே சீரான பிட்ரேட்) என்றும், கீஃப்ரேம் இடைவெளியை 2 நொடி என்றும், ஆடியோவை 128 கேபிபிஎஸ் என்றும் வையுங்கள். 2500-க்கு 720பி, 30 ஃபிரேம் போதும். 1080பி ஆசை வேண்டாம்; பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்குத் தக்கபடி பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதை டிக் செய்துவிடுங்கள். யூடியூபில் லேட்டன்சி (தாமத அளவு) நார்மலாக இருக்கட்டும். சாமியாட்டத்தை மும்பைக்காரர் அரை நிமிடம் தாமதமாகப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஓடும்போது ஓபிஎஸ் ஜன்னலின் அடியில் ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது ஏறினால் கோளாறு நெட்டில். அது பூஜ்யத்தில் நின்றும் படம் திக்கினால் லேப்டாப் திணறுகிறது என்று அர்த்தம். அப்போது நெட்டை நோண்டாதீர்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. 2500 பிட்ரேட்டில் மணிக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி போகும். உங்கள் பிளான் தினம் 2 ஜிபி என்றால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதன்பின் வேகம் 64 கேபிபிஎஸ் மாதிரி ஏதோ ஒன்றுக்கு இறங்கிவிடும், எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. திக்கித் திணறாமல் ஒரேயடியாகப் படுத்துவிட்டு, 12 மணிக்கு மேல் தானாக எழுந்ததென்றால் காரணம் இதுதான்.

உண்மையில் நான் சொல்வது, ஹாட்ஸ்பாட்டையே விட்டுவிடுங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் ஃபைபர் இணைப்புள்ள வீடு இருந்தால் கேட்டு, ரூட்டரிலிருந்து லேப்டாப் வரைக்கும் கேட்-6 நெட் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். வைஃபை வேண்டாம். கேபிளைத் தரையில் போடாமல் பந்தல் கம்போடு கட்டுங்கள், கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். போன் அவசரத்துக்கு இருக்கட்டும்.

யூடியூப் ஸ்டுடியோவில் ‘ஆட்டோ ஸ்டாப்’ வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நெட் கொஞ்ச நேரம் போனாலே நேரலையை முடித்துவிடும். அப்புறம் புது லிங்க்கை எல்லோருக்கும் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, ரூட்டருக்குக் கிடையாது. ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.